உதிரிபாகமும் பாடவேறுபாடும்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் 1961-இல் உற்பத்தி தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவமாகும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இதே அடிச்சட்டத்திலிருந்து பிறந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் தொடக்கக்கால உற்பத்தியில் காணப்படும் சிறு உதிரிபாக மாறுபாடுகளைத் தொகுத்துக் காலவரையறை செய்யும் முறை மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. அம்முறையை இந்திய ஹெரால்டுக்குப் பொருத்தும்போது எழும் சிக்கல்களையும், அவற்றைத் தீர்க்கத் தமிழ்ப் பதிப்பியலின் பாடவிமரிசன நெறி எவ்வாறு துணைபுரியும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பாக மாறுபாடுகள் உள்நாட்டுமயமாக்கத்தின் நேரடிச் சான்றுகள் என்பதும், பிரிட்டிஷ் மூலத்தை நோக்கிய மீட்டமைப்பு அச்சான்றுகளை அழிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும். சேலம்–நாமக்கல் சமவெளியின் பட்டறை மரபு இதில் தனி அடுக்காகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வண்டலூர், உதிரிபாகம், பாடவேறுபாடு, உள்நாட்டுமயமாக்கம், வாழப்பாடி, பட்டறை மரபு.

முன்னுரை

மோட்டார் வாகன வரலாற்றை எழுதுவோர் மாதிரிகளின் பெயர்களையும் அவை அறிமுகமான ஆண்டுகளையும் நிரல்படுத்துவது வழக்கம். ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் இடைப்பட்ட காலத்தில் கார் மாறாமல் இருந்தது என்னும் எண்ணத்தை இவ்வழக்கம் தோற்றுவிக்கிறது. உண்மை அதுவன்று. தொழிற்சாலையில் ஒரு பாகத்தின் இருப்பு தீரும் நாளில் வேறொரு வடிவிலான பாகம் வந்து சேரும். அச்சு தேய்ந்தால் புதிய அச்சு வரும். வாடிக்கையாளர் முறையீடு பெருகினால் ஒரு துளையின் இடம் நகரும். இம்மாற்றங்கள் விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால் காரின் உடலில் பதிந்துவிடுகின்றன.

மேலைநாட்டு ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் இம்மாற்றங்களைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வந்துள்ளனர். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் முதல் ஏறத்தாழ ஐந்நூறு கார்களில் பானட்டைப் பூட்டும் தாழ்கள் வெளிப்புறத்தில் அமைந்திருந்தன. பின்னர் அவை உட்புறத்துக்கு மாறின. 1962-இன் தொடக்கம் வரை ஓட்டுநரின் காலடித் தளம் தட்டையாக இருந்தது. பின்பு கால்களுக்கு இடம் தரும் பொருட்டுக் குழிவாக்கப்பட்டது. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தின் டி.ஆர்.2 என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் தொடக்கக் கார்களின் கதவுகள் அடிவிளிம்பு வரை நீண்டிருந்தன. சாலையோர நடைமேடையில் கதவு இடித்ததால் 1954-இன் பிற்பகுதியில் அவை குட்டையாக்கப்பட்டன. ஆர்வலர்கள் இன்றும் அவற்றை ‘நீள்கதவு’, ‘குறுங்கதவு’ என்று பிரித்தே வழங்குகின்றனர்.

பிரிட்டனில் இத்தகைய ஆய்வுக்குத் தொழிற்சாலைப் பதிவேடுகள் துணைநிற்கின்றன. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் பாரம்பரிய அறக்கட்டளை, கார் முடிக்கப்பெற்ற நாள், வண்ணம், அனுப்பப்பட்ட இடம் முதலியவற்றைப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சான்றிதழாக வழங்குகிறது. அங்கே பதிவேடு காரைச் சரிபார்க்கிறது. கார் பதிவேட்டைச் சரிபார்க்கிறது. வண்டலூர்க் கார்களுக்கு அத்தகைய பொதுச் சேவை இல்லை. எனவே இங்குக் காரே முதன்மை ஆவணமாகிறது. ஆவணம் என்று ஏற்றுக்கொண்டால் அதனை வாசிக்கும் நெறி எது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடைதேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹெரால்டின் உடலமைப்பு

டிரையம்ப் ஹெரால்டு 1959 ஏப்ரலில் இலண்டனில் அறிமுகமானது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி அதன் உருவை வரைந்தார். அக்காலத்துப் புதிய சிறு கார்கள் பலவும் உடலும் சட்டமும் ஒன்றாக இணைந்த ஒற்றைக் கூடாக உருவாக்கப்பட்டன. ஹெரால்டு மட்டும் தனி அடிச்சட்டத்தின் மீது உடற்பகுதிகளைத் துண்டுதுண்டாகப் போல்ட்டு கொண்டு பிணைக்கும் பழைய முறைக்குத் திரும்பியது. இதற்கு அழகியல் காரணம் அன்று, வணிகக் காரணமே இருந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடுகளைச் செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனம் 1953-இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் கைக்குப் போயிற்று. முழுக் கூட்டை ஒரே இடத்தில் செய்துகொள்ள இயலாத நிலையில், பல சிறு ஆலைகளில் செய்த பகுதிகளைக் கொணர்ந்து இணைக்கும் வடிவம் தேவைப்பட்டது.

இவ்வமைப்பு இரு விளைவுகளை உண்டாக்கிற்று. முதலாவது, அடிச்சட்டத்தைக் குறுக்கியும் நீட்டியும் வெவ்வேறு கார்களை உருவாக்க முடிந்தது. ஹெரால்டின் 91.5 அங்குலச் சக்கர இடைவெளியை 83 அங்குலமாகக் குறுக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் ஸ்போர்ட்ஸ் கார் வெளியிடப்பட்டது. முன்சக்கர அமைப்பும், குறுக்குவாட்டு ஸ்பிரிங் பட்டையோடு கூடிய பின்சக்கர ஊசல் அச்சும் இரண்டுக்கும் அடிப்படையில் ஒன்றே. ஹெரால்டின் முன்சக்கரத் தாங்கியை லோட்டஸ் போன்ற பந்தயக் கார் நிறுவனங்களும் எடுத்தாண்டன. எனவே ஹெரால்டின் சிறு பாகங்களை ஆராய்வது குடும்பக் கார் ஒன்றின் ஆய்வாக மட்டும் அமையாது. ஒரு ஸ்போர்ட்ஸ் கார்க் குடியின் மூலத்தை ஆராய்வதாகவும் அமையும்.

இரண்டாவது விளைவு ஆய்வாளருக்கு இன்னும் முக்கியமானது. போல்ட்டால் இணைக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் மற்றவற்றின் துணையின்றி மாறக்கூடியது. கதவு ஒரு காலத்தைச் சொல்லலாம், பானட்டு வேறொரு காலத்தைச் சொல்லலாம். ஒற்றைக் கூட்டுக் காரில் எளிதில் நேராத கலப்பு ஹெரால்டில் ஒரு திருப்பியால் நிகழ்ந்துவிடும். பாக மாறுபாட்டு ஆய்வுக்கு இக்கார் வளமான களமாகவும் இடர்மிக்க களமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

வண்டலூரில் ஹெரால்டு

இந்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1948-இல் தோன்றியது. ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார்களைப் பூட்டி விற்கும் பணியில் தொடங்கிப் பின்னர் ஸ்டாண்டர்டு டென் முதலிய சிறு கார்களுக்கு விரிந்தது. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைகளை நடுவணரசு ஏற்றதை அடுத்து, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களுக்கு மட்டுமே தொழிலில் இடம் என்றாயிற்று. இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதோடு நின்ற ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை அக்காலத்தில் இந்தியாவை விட்டு விலகின. எஞ்சிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளிநாட்டுப் பாகங்களைக் குறைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

இப்பின்னணியில் 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு 948 சி.சி. எஞ்சினைக் கொண்டிருந்தது. பிரிட்டனில் அதே ஆண்டில் 1147 சி.சி. எஞ்சின் கொண்ட ஹெரால்டு 1200 வெளிவந்து பழைய எஞ்சினைப் படிப்படியாக விலக்கியது. இந்தியாவிலோ 948 சி.சி. எஞ்சினே நிலைத்தது. ஸ்டாண்டர்டு டென் காரின் எஞ்சினும் அதே அளவுடையது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஏற்கெனவே கைவந்த எஞ்சினைத் தொடர்வது உள்நாட்டுப் பாக விழுக்காட்டை உயர்த்த எளிய வழி என ஊகிக்கலாம்.

இவ்வாறு இரு கிளைகள் பிரிந்தன. பிரிட்டிஷ் ஹெரால்டு வலிமைகூடிய எஞ்சினை நோக்கிச் சென்றது. இந்திய ஹெரால்டு எஞ்சினை மாற்றாமல் உடலை மாற்றியது. 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவு கொண்ட மார்க் 3 ஹெரால்டு இந்தியச் சந்தைக்கென உருவாயிற்று. பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. 1972-இல் வந்த கேசல், ஹெரால்டின் உடலைத் திருத்தியமைத்ததோடு ஊசல் அச்சைக் கைவிட்டுத் திண்மையான ஒற்றை அச்சுக்கு மாறியது. இந்தியச் சாலைகளிலும் மிகைச் சுமையிலும் ஊசல் அச்சு பட்ட பாட்டினை நிறுவனமே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

பாகத்தின் ஆயுளும் மாதிரியின் ஆயுளும் வெவ்வேறு என்பதற்கு இந்நிறுவனத்தின் இறுதிக் கார் சான்றாகிறது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்.டி.1 என்னும் புதுப்பாணி உடலைப் பெற்றிருந்தது. அதன் 1991 சி.சி. எஞ்சினோ பழைய வேன்கார்டு எஞ்சினின் வழிவந்தது. 1950-களில் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரை இயக்கியதும் அதே வழியைச் சேர்ந்த, அதே கொள்ளளவுடைய எஞ்சினே. மாதிரிப் பெயரை மட்டும் நோக்குவோர்க்கு இத்தொடர்ச்சி புலப்படாது. பாகத்தை நோக்குவோர்க்கே அது புலப்படும்.

திருவொற்றியூரிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா அமைக்கப்பட்டுப் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் முதலில் பிரிட்டனிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டப்பட்டன. 1957-இல் உற்பத்திக் கருவிகள் இங்கு வந்தன. 1962-க்குள் பாகங்கள் அனைத்தும் உள்நாட்டில் செய்யப்பட்டன. அங்கும் பிரிட்டிஷ் மூலம் மாறிக்கொண்டிருக்க, சென்னைக் கிளை பழைய வடிவத்தைப் பேணிற்று. தாய்ச்சுவடி மறைந்த பின்னும் படியெடுத்த சுவடி வாழ்வதைப் போன்றது இந்நிலை.

பாகங்கள் தரும் கால எல்லைகள்

இலக்கிய வரலாற்றில் ஒரு நூலின் காலத்துக்கு மேலெல்லையும் கீழெல்லையும் வகுப்பதுபோல் ஒரு பாகத்துக்கும் வகுக்கலாம். தமிழகத்தின் துணைத் தொழில்களின் தொடக்க ஆண்டுகள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன. இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டது. வீல்ஸ் இந்தியா 1960-இலும், லூகாஸ்-டி.வி.எஸ். 1961-இலும், பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் தோன்றின. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரு டைனமோவில் லூகாஸ்-டி.வி.எஸ். முத்திரை இருப்பின் அது 1961-க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. பிரேக் சிலிண்டரில் பிரேக்ஸ் இந்தியா முத்திரை இருப்பின் மேலெல்லை 1962. ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டது’ என்னும் பொறிப்பு இருப்பின் அது தொடக்கக் காருக்கு உரியதாகலாம். பிற்காலத்தில் இறக்குமதி செய்யப்பட்டதாகவும் இருக்கலாம்.

அளவைச் சட்டமும் ஒரு சான்றாகிறது. எடை அளவைத் தரச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு, மெட்ரிக் முறை 1958 அக்டோபர் முதல் படிப்படியாகப் புகுத்தப்பட்டு 1960-களின் தொடக்கத்தில் கட்டாயமாக்கப்பட்டது. ஹெரால்டு தோன்றிய ஆண்டு இம்மாற்றத்தின் நடுவே அமைகிறது. வேகமானியின் முகப்பு மைலில் உள்ளதா கிலோமீட்டரில் உள்ளதா என்பது காலக்குறிப்பாக அமையக்கூடும். ஆயினும் வேகமானி எளிதில் கழற்றி மாட்டக்கூடிய கருவி. அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளுதல் தகாது.

ஈண்டு ஒரு வரையறையைத் தெளிவாக்க வேண்டும். மேலெல்லை பாகத்துக்கே உரியது, காருக்கு உரியதன்று. 1966-க்குப் பிற்பட்ட போல்ட்டு ஒன்று 1962-ஆம் ஆண்டுக் காரில் இருப்பதனால் கார் 1966-க்குப் பிற்பட்டதாகிவிடாது. போல்ட்டு மாற்றப்பட்டது என்பதே பொருள். பாகத்தின் காலத்தைக் காரின் காலமாகக் கொள்வதே இத்துறையில் மிகுதியாக நேரும் பிழை. இதனைத் தவிர்க்க, எந்தப் பாகம் காரோடு பிறந்தது, எது பின்னர் வந்தது என்று பிரித்தறியும் நெறி தேவை.

பாடவிமரிசன நெறியைப் பொருத்துதல்

தமிழ்ப் பதிப்பியல் இத்தகைய சிக்கலை நீண்ட காலமாக எதிர்கொண்டு வந்துள்ளது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடங்களைத் தேர்ந்தார். கிடைத்த ஏடு ஒவ்வொன்றிலும் மூலத்தின் பாடமும், எழுதியோர் பிழையும், பின்னையோர் திருத்தமும் கலந்திருந்தன. ஹெரால்டு காரிலும் இம்மூன்று அடுக்குகள் உண்டு.

முதல் அடுக்கு உற்பத்தி வேறுபாடு. தொழிற்சாலையிலேயே பாகம் மாறியதால் எழுவது. இதனைப் பாடவேறுபாடு எனலாம். இரண்டாம் அடுக்கு பயன்பாட்டு மாற்றம். பட்டறையில் பழுதுபார்க்கும்போது புகுந்த பாகம் இதில் அடங்கும். இதனை இடைச்செருகலுக்கு ஒப்பிடலாம். மூன்றாம் அடுக்கு மீட்டமைப்பு. காரைப் ‘பழைய நிலைக்கு’ கொணர விரும்புவோர் தாம் சரியெனக் கருதும் பாகத்தைப் பொருத்துவது. இது பதிப்பாசிரியரின் திருத்தத்துக்கு நிகராகும். திருத்தம் பதிவு செய்யப்படாவிடின் பிற்கால ஆய்வாளர் அதனையே மூலபாடமாகக் கொண்டுவிடுவர்.

இம்மூன்றையும் பிரிக்க நான்கு அளவுகோல்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

முதலாவது, சந்தை மதிப்புக்கும் சான்று மதிப்புக்கும் உள்ள எதிர்உறவு. சின்னம், கார்புரேட்டர், ஸ்டீயரிங் சக்கரம் முதலிய விலைமிக்க பாகங்கள் தேடிப்பிடித்து மாற்றப்படுபவை. அவற்றின் சாட்சியம் வலுக்குறைந்தது. தளத்தின் அடியிலுள்ள தாங்கு தகடு, கம்பிப் பிடிப்பு, பற்றவைப்புத் தழும்பு, பயன்படாத துளை ஆகியவற்றை எவரும் தேடி மாற்றுவதில்லை. அவற்றின் சாட்சியம் வலுவானது. எளிய பாடத்தினும் அரிய பாடமே மூலத்துக்கு அணித்தாக இருக்கும் என்னும் பதிப்பியல் கோட்பாட்டை இது நினைவூட்டும். இ-டைப் காரின் வெளித்தாழ்கள் விலையேற்றம் தரும் அடையாளமாகிவிட்ட இன்றைய நிலையில், தாழைக் காட்டிலும் அதனைச் சூழ்ந்த தகட்டின் அமைப்பே நம்பத்தக்கது.

இரண்டாவது, கழற்றும் அருமை. கழற்ற ஒரு திருப்பி போதுமான பாகத்தினும், அறுத்தெடுக்க வேண்டிய பாகம் காரோடு பிறந்ததாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஹெரால்டில் உடற்பகுதிகள் எளிதில் பிரிவதால், அடிச்சட்டத்தில் பற்றவைக்கப்பட்ட தாங்கிகளுக்கே முதலிடம் தரவேண்டும். பாட்டரியின் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டுள்ளது என்பது பிரிட்டிஷ் கார்களின் காலத்தைக் காட்டும் குறிப்பெனப் பலர் கருதுவர். ரேடியோ பொருத்துவதற்காக ஒரு பிற்பகலில் அதனை மாற்றிவிடலாம் என்பதால் அதன் வலு மிகக் குறைவு.

மூன்றாவது, பொதுப்பிழை. இரு ஏடுகள் ஒரே பிழையைக் கொண்டிருந்தால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை எனக் கருதுவது வழக்கம். தமக்குள் தொடர்பற்ற இரு கார்களில் ஒரே இடத்தில் ஒரே அளவு பிசகிய துளை காணப்படின் அது பட்டறையின் செயலன்று, தொழிற்சாலை அச்சின் செயலே. ஒரு காரில் மட்டும் காணப்படும் விலகல் எதையும் நிறுவாது. மூன்று, நான்கு கார்களில் காணப்படும் விலகல் ஓர் உற்பத்திக் கட்டத்தைச் சுட்டும்.

நான்காவது, புறச்சான்று. டிரையம்ப் உதிரிபாகப் பட்டியல்கள் ‘இந்த எண் வரை’, ‘இந்த எண் முதல்’ என்று காரின் கமிஷன் எண்ணைக் கொண்டு மாற்றத்தின் எல்லையைக் குறிக்கும். பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகம் அடிச்சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தரும். சுங்கவரி ஆணைய அறிக்கைகளும், 1969-இல் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்று கார்களின் விலையைக் கட்டுப்படுத்திய ஆணையைத் தொடர்ந்து எழுந்து 1971-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கின் ஆவணங்களும் தொழிலின் செலவுக் கூறுகளைப் பேசுகின்றன. பாகத்தின் சாட்சியமும் தாளின் சாட்சியமும் முரண்படும் இடங்களே ஆய்வுக்கு மிகுந்த பயன் தருவன. உள்நாட்டில் செய்யப்பட்டதாகக் கணக்கில் காட்டப்பட்ட பாகம் காரில் வெளிநாட்டு முத்திரையுடன் இருந்தால், கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட தொலைவு அங்கே அளக்கப்படுகிறது.

பட்டறை அடுக்கு: சேலம்–நாமக்கல் சமவெளி

இரண்டாம் அடுக்கை அழுக்கென நீக்கிவிடும் போக்கு மேலைநாட்டு ஆய்வுகளில் உண்டு. இந்தியச் சூழலில் அப்போக்கு பொருந்தாது. வண்டலூர் வழியாகச் செல்லும் பெருந்தெற்குச் சாலை உளுந்தூர்ப்பேட்டைக்கு வருகிறது. அங்கிருந்து பிரியும் நெடுஞ்சாலை ஆத்தூரையும் வாழப்பாடியையும் கடந்து சேலத்தை அடைகிறது. சேலத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் அமைந்த வாழப்பாடி, பாக்கு வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். நெடுஞ்சாலை ஊர்களுக்கே உரிய வாகனப் பட்டறைகளைக் கொண்ட ஊரும்கூட. தொழிற்சாலையில் பிறந்த கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய ஊர்களின் பட்டறைகளை நம்பியே கழித்தது.

சேலம்–நாமக்கல் சமவெளிக்கு இதில் தனிச்சிறப்பு உண்டு. நாமக்கல் லாரிகளுக்கு உடல்கட்டும் தொழிலில் நாடறிந்த ஊர். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. பாகம் கிடைக்காவிட்டால் செய்துகொள்வது என்னும் மனப்பாங்கு இவ்வட்டாரத் தொழிலின் அடிப்படை. லேத்தில் புஷ் கடைதல், தேய்ந்த சிலிண்டரைப் போரிங் செய்து ஸ்லீவ் இறக்குதல், தளர்ந்த ஸ்பிரிங் பட்டைக்கு வளைவேற்றுதல், கூடுதல் பட்டை சேர்த்தல் ஆகியவை லாரிக்காக வளர்ந்த திறன்கள். அவை காருக்கும் பயன்பட்டன.

ஹெரால்டின் பின்புறக் குறுக்குப் பட்டை தளர்ந்தால் சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாயும். அதற்கு லாரிப் பட்டறை அறிந்த மருந்து பட்டையை வலுப்படுத்துவதே. முன்சக்கரத் திருப்பத்தைத் தாங்கும் ட்ரனியன் என்னும் பித்தளைப் பாகத்துக்கு எண்ணெய் இடவேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. மற்ற இடங்களுக்குப் போலக் கிரீஸ் இட்டால் எண்ணெய் புரிக்குள் சேராமல் தேய்ந்து, தாங்கி முறியும். எனவே ஒரு காரில் காணப்படும் லேத்து ட்ரனியன், அக்காருக்கு எவ்வகைப் பராமரிப்பு வாய்த்தது, பாகம் எங்குக் கிடைக்கவில்லை, கைவினைஞர் எவ்வாறு ஈடுசெய்தார் என்னும் மூன்று செய்திகளைத் தருகிறது.

1972-இல் கேசல் காருக்குத் திண்ணிய அச்சு வந்ததை மேலே கண்டோம். அதற்கு முன்பே பட்டறைகள் பட்டையை வலுப்படுத்தி அதே குறைக்கு விடை தேடியிருப்பின், தொழிற்சாலை மாற்றமும் பட்டறை மாற்றமும் ஒரே வினாவுக்கான இரு விடைகளாகின்றன. வாழப்பாடி, ஆத்தூர், சேலம் பட்டறைகளில் எஞ்சியிருக்கும் பழைய பட்டைகளையும் கழித்த பாகங்களையும் முத்திரையோடும் அளவோடும் பதிவு செய்வதும், மூத்த மெக்கானிக்குகளிடம் வாய்மொழி வரலாறு திரட்டுவதும் இதனை உறுதி செய்யும் வழிகளாகும். அத்தலைமுறை அருகிவருவதால் இப்பணி காலத்தாழ்வை ஏற்காது.

மீட்டமைப்பும் சட்டமும்

பாக மாறுபாட்டு ஆய்வு இன்று ஆர்வலரின் பொழுதுபோக்காக மட்டும் இல்லை. 2021 ஜூலையில் நடுவணரசு வெளியிட்ட விதித்திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்கள் என வரையறுத்துத் தனிப்பதிவுக்கு வழிசெய்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். வாகனம் அதன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது என்பதும் நிபந்தனைகள். இந்தியாவில் உருவான ஹெரால்டு கார்கள் அனைத்தும் இன்று இவ்வயது வரம்பைக் கடந்துவிட்டன.

இங்கு ‘மூல வடிவம்’ என்பது யாது என்னும் வினா எழுகிறது. ஸ்பிட்ஃபயர் காருக்குப் பிரிட்டனில் இன்றும் மிகுதியான ஆர்வலர் சந்தை உள்ளதால், ஹெரால்டுக்குப் பொருந்தும் பாகங்கள் பல அங்குப் புதிதாகச் செய்யப்படுகின்றன. அவற்றை வரவழைத்துப் பொருத்துவது எளிது. பார்வைக்கும் அழகு. ஆனால் 1968-ஆம் ஆண்டு வண்டலூர்க் காரின் மூலம் கவென்ட்ரி அன்று. சென்னையில் செய்த சிலிண்டரும், தமிழக முத்திரை பொறித்த டைனமோவும், நான்கு கதவு உடலுமே அதன் மூலம். அவற்றைக் களைந்து பிரிட்டிஷ் பாகத்தைப் பொருத்துதல் மூலத்துக்குத் திரும்புதல் ஆகாது. ஒரு போதும் இல்லாதிருந்த பாடத்தைப் புகுத்துவதாகும். வட்டார வழக்கில் எழுந்த ஏட்டைத் தலைநகர் வழக்குக்குத் திருத்திவிட்டு அதனையே மூலம் என்பதற்கு இது நிகர்.

இச்சான்றுகள் எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதற்கு வண்டலூரே எடுத்துக்காட்டு. ஸ்டாண்டர்டு 2000 உற்பத்தி 1980-களின் இறுதியில் நின்றுபோயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், அங்குப் பயன்படாமல் எஞ்சிய ரோவர் எஸ்.டி.1 பாகங்களைப் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் என்னும் பாக வணிக நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. பிரிட்டிஷ் ஆர்வலருக்கு அது நல்வாய்ப்பு. தமிழகத் தொழில் வரலாற்றுக்கோ ஓர் இழப்பு. எந்தப் பாகம் எவ்வளவு எஞ்சியது, எந்த முத்திரை தாங்கியது என்பது உற்பத்தி நின்ற நாளின் நிலையைக் காட்டும் ஆவணமாக இருந்திருக்கும்.

எனவே மீட்டமைக்கும் முன் பதிவு என்பது நெறியாக வேண்டும். அடிச்சட்ட எண், எஞ்சின் எண், பாக முத்திரைகள், வார்ப்பு எண்கள், போல்ட்டுத் தலைப் பொறிப்புகள், அடிச்சட்டத் தாங்கிகளின் அமைப்பு, பழைய வண்ணப் பூச்சின் அடுக்குகள், பட்டறைத் தழும்புகள் ஆகியவற்றைக் காரைப் பிரிக்கும்போதே படமெடுத்துக் குறித்தல் வேண்டும். கழற்றிய பாகத்தைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் காரோடு பேணுதல் நன்று. பொருத்தப்பட்ட ஒவ்வொரு புதுப்பாகத்தையும் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் பாடம் காட்டுவதுபோல் எழுதி வைத்தலும் வேண்டும்.

முடிவுரை

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சிறு பாக மாறுபாடுகள் மூன்று வரலாறுகளை ஒருங்கே தாங்கியுள்ளன. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்க் குடியின் வடிவமைப்பு வரலாறு முதலாவது. இறக்குமதியைக் குறைத்துத் தமிழகத் துணைத் தொழில்களை வளர்த்த கொள்கையின் வரலாறு இரண்டாவது. சேலம்–நாமக்கல் சமவெளி போன்ற வட்டாரங்களில் காரை ஓடவைத்த கைவினையின் வரலாறு மூன்றாவது. மாதிரிப் பெயரும் அறிமுக ஆண்டும் முதல் வரலாற்றின் தலைப்புகளை மட்டுமே தருகின்றன. மற்ற இரண்டையும் பாகங்களே தருகின்றன.

பாகத்தின் காலத்தைக் காரின் காலமாகக் கொள்ளாமை, விலைமிக்க பாகத்தினும் எளிய பாகத்தை நம்புதல், தனிக்காரின் விலகலினும் பல கார்களின் பொது விலகலுக்கு மதிப்பளித்தல், பட்டறை மாற்றத்தை நீக்காமல் தனி அடுக்காகப் பதிதல் என்பன இக்கட்டுரை வற்புறுத்தும் நெறிகள். பாடங்களை ஒப்பிட்டு அடுக்குகளைப் பிரிக்கும் பயிற்சி தமிழ்த்துறைக்குப் புதிதன்று. அப்பயிற்சியுடையோர் பொறியியல் வரலாற்றாளரோடு இணைந்து, எஞ்சியுள்ள ஹெரால்டு கார்களுக்கு வட்டாரவாரியாக ஒரு பொது விளக்கப் பட்டியலை உருவாக்குவது உடனடித் தேவை. மீட்டமைப்பு விரைந்து நடைபெறும் இக்காலத்தில், கழற்றப்படும் ஒவ்வொரு பாகத்தோடும் இப்பட்டியலில் எழுதப்பட வேண்டிய ஒரு வரியும் நீங்கிப் போகிறது.